உன் வலைப்பூவின் மூன்று வாசகர்கள்

கல்யாணம் முடிந்து நீயும் மருமகளும் ஓசூருக்குக் கிளம்பிப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. வாடகைப் பாத்திரமெல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று. பந்தல்காரன் கழியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். மிச்சமிருந்த முறுக்கை உன் அம்மா பக்கத்து வீடுகளுக்குப் பங்கு போட்டு அனுப்பிவிட்டாள். எனக்கு மட்டும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மருமகள் உன்னிடம் ஒன்று கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா? உன் பழைய வலைப்பூவைப் போனில் தேடி எடுத்துப் படித்திருக்கிறாள். நல்லாத்தானே எழுதியிருக்கீங்க, ஏன் விட்டுட்டீங்க என்று கேட்டாள். நீ ரசத்தைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னாய். "மூணு பேரு படிச்சிக்கினு இருந்தாங்க. அவங்களும் ஒரு நாளு சொல்லாம கொள்ளாம போய்ட்டாங்க. அப்புறம் யாருக்கு எழுதறது?" சொல்லிவிட்டு நீயே சிரித்தாய், எல்லோரும் சிரித்தார்கள். நான் மோர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். மோர் என் இலைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஆர்.கே.பேட்டை தணிகாசலம், அத்திப்பட்டு பாஸ்கர், பொன்னேரி சுமதி. அந்த மூன்று பேரும் நான்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அதனால் முதலிலேயே போட்டு உடைத்துவிட்டேன். இதை உன்னிடம் போனில் தனியாகச் சொல்லியிருக்கலாம். நான்கு தடவை நம்பரைப் போட்டேன். நீ "இன்னா நைனா, சாப்ட்டியா?" என்று கேட்டதும், சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்தேன். நான் பொய் சொன்னது நாலு பேர் பார்க்கிற இடத்தில். ஒப்புக்கொள்வதும் நாலு பேர் பார்க்கிற இடத்தில்தான் நடக்க வேண்டும். அதனால்தான் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று இதைப் பொதுவில் எழுதுகிறேன். என்மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும். ஆனால் என்மேல் இருக்கிற கோபத்தில் எழுத்தை இன்னொரு தடவை விட்டுவிடாதே. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

என் வேலை உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீசில் இருபத்தேழு வருஷம் உட்கார்ந்திருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று பார்ப்பதுதான் வேலை. விரல் வைக்கிற மெஷின் வருவதற்கு முன்னால் அட்டைதான். ஒருத்தன் அட்டையை இன்னொருத்தன் பஞ்ச் போட்டுவிடுவான், ஆள் வந்திருக்கவே மாட்டான். அதைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். ஒரு தடவை ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி தம்பிக்காக அட்டை போட்டு மாட்டிக்கொண்டான். தம்பி பெண்டாட்டிக்குப் பிரசவ வலி, பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்துவிடுவான் சார் என்று கெஞ்சினான். நான் மேலே புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். அண்ணன் தம்பி இரண்டு பேரையும் ஒரு வாரம் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்தார்கள். ரூல்னா ரூல்தான் என்று வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். அப்போது உனக்கு எட்டு வயது, வாயைப் பிளந்துகொண்டு கேட்டாய். அவ்வளவு பெரிய யோக்கியன்தான் பிற்பாடு, ஆள் இல்லாமலே உன் வலைப்பூவில் மூன்று பேருக்கு ஆஜர் போட்டான்.

நீ டிப்ளமோ இரண்டாம் வருஷம் படிக்கும்போது எழுத ஆரம்பித்தாய். வீட்டு மின்சாரத்தைப் பற்றித் தமிழில் ஒழுங்காக எதுவுமே இல்லை நைனா, இருக்கிறதெல்லாம் விளம்பரம் என்றாய். முதல் பதிவு தண்ணி மோட்டார் ஓடாமல் 'உம்' என்று முனகுவது எதனால் என்று. உன் அத்தை வீட்டு மோட்டாரை நீயே கழற்றிப் பார்த்துவிட்டு வந்து எழுதினாய். கப்பாசிட்டர் என்பது மோட்டாரை முதலில் ஒரு தள்ளு தள்ளிவிடுகிற ஆள் மாதிரி, ஓடிய பிறகு மோட்டார் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தாய். மின்சாரம் என்றால் பயம் மட்டுமே தெரிந்த எனக்கே புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்று, வாரம் தவறாமல் போட்டாய். அதற்கு ஒரு வாரம் முழுக்க எங்கேயாவது எதையாவது கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பாய். ஆனால் படிக்கிறவர்கள் யாரும் இல்லை. "ஏழு பேரு பாத்துக்கிறாங்க நைனா" என்று ஒரு நாள் சொன்னாய். அந்த ஏழில் மூன்று நீ, இரண்டு நான் என்று எனக்குத் தெரியும். உன் முகம் சின்னதாகிப் போனதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

அடுத்த வாரம் முதல் ஷிப்டு ஆட்கள் எல்லாம் உள்ளே போன பிறகு, டைம் ஆபீஸ் காலியாக இருந்த நேரத்தில், தணிகாசலத்தைப் பிறக்கவைத்தேன். விவசாயத் துறையில் இருந்து ரிட்டயர் ஆனவர், ஆர்.கே.பேட்டையில் நாலு ஏக்கர், ஒரு கிணறு. நம் ஊரில் இருந்து பார்த்தால் மாவட்டத்தின் அந்தக் கோடி, யாரும் தேடிப் போக மாட்டார்கள் என்றுதான் அந்த ஊரைப் பிடித்தேன். "தம்பி, தங்கள் பதிவு கண்டேன், எங்கள் கிணற்று மோட்டாருக்கும் இதே பிரச்சினை" என்று எழுதினார். அன்று சாயந்திரம் நீ வீடு முழுக்க அந்த வரியைப் படித்துக் காட்டினாய். உன் அம்மாவுக்கு இரண்டு தடவை. ஒரு கமென்டுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கே ஆசை வந்துவிட்டது. அடுத்து அத்திப்பட்டு பவர் பிளான்ட் பக்கம் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிற பாஸ்கர் வந்தான். பெண்கள் யாரும் படிக்கவில்லையே என்று நீ ஒரு நாள் சொன்னாய், உடனே பொன்னேரி சுமதி வந்துவிட்டாள். சுமதிக்குப் பேச்சு வருவதற்காக உன் அம்மாவிடம் மிக்ஸி, கிரைண்டர் பற்றி என்னென்னவோ கேட்பேன். இந்த மனுஷனுக்கு வயசான காலத்தில் சமையல் ஆசை வந்துவிட்டது என்று அவள் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

இதோடு நின்றிருந்தால் பாசம் கண்ணை மறைத்துவிட்டது என்று சொல்லித் தப்பித்திருப்பேன். நிற்கவில்லை. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் விஷயத்தை நீ எழுதினாய் அல்லவா, அங்கேதான் நான் கெட்டேன். உன் அம்மா ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று மாசக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் செருப்பு போட்டுக்கொண்டு திற என்று சொன்னேன். அவளும் பேசாமல் ஒரு ஜோடி ஹவாய் செருப்பை சமையல் கட்டிலேயே வைத்துக்கொண்டாள். நீதான் ஒரு நாள் பிளக் பாக்ஸைக் கழற்றினாய். எர்த் ஓட்டையில், கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் வயரே இல்லை, நியூட்ரலில் இருந்து ஒரு துண்டு வயரை இழுத்து எர்த்துக்கு மாட்டியிருந்தது. நியூட்ரல் லூசானால் மின்சாரம் முழுக்க ஃப்ரிட்ஜ் உடம்புக்கே வந்துவிடும், அம்மா போயிருப்பாங்க நைனா என்று சொன்னாய். அந்த ஜாயின்டைப் போடச் சொன்னது நான். வயரிங் ஆள் எர்த் குழி தோண்ட வேண்டும் என்றுதான் சொன்னான். புதிதாகப் போட்ட சிமென்டுத் தரையை உடைக்க வேண்டாம், இப்படியே ஒரு ஜாயின்ட் போட்டுவிட்டுப் போ என்று அவனை அதட்டினேன்.

நீ அதை அப்படியே எழுதினாய். 'அம்மா செருப்பு போட்டு ஃப்ரிட்ஜ் திறந்த வீடு' என்று தலைப்பு வைத்தாய். அந்தப் பதிவில் நீ என்னைத் திட்டவில்லை. டெஸ்டர் எரியவில்லை என்றால் ஆபத்தில்லை என்று நானும் ஒரு வருஷம் முன்னால் வரை நினைத்துக்கொண்டிருந்தேன், எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்றுதான் எழுதினாய். இன்றைக்குப் படித்தால் நீ எழுதியதிலேயே நல்லது அதுதான். அன்றைக்கு எனக்குக் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று, அந்தச் செருப்பு. களை எடுக்கப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் பேனா பிடித்து நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். படிச்சவர், விவரம் தெரிஞ்சவர் என்று கம்பெனியில் என்னிடம் நாலு பேர் யோசனை கேட்பார்கள். அவர்கள் யாராவது இதைப் படித்தால் என்ன ஆவது என்றுதான் யோசித்தேன். உன்னிடம் நேராக, எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதை எடுத்துவிடு என்று சொல்லியிருக்கலாம். நீ எடுத்திருப்பாய். அந்த நேர்மைகூட எனக்கு இல்லை. மூன்று பேரையும் முதல் இரண்டு நாள் வாயைத் திறக்காமல் உட்காரவைத்தேன். மூன்றாம் நாள் பாஸ்கரை மட்டும் அனுப்பினேன். "தம்பி, ஊட்டு விஷயமெல்லாம் வேணாம். போர் அடிக்குது. பத்து டிப்ஸ் அந்த மாதிரி போடுங்க, சீக்கிரம் படிச்சிட்டுப் போலாம்."

நீ அவன் சொன்னதைக் கேட்டாய். வாசகர் சொல்கிறார், கேட்க வேண்டும் அல்லவா? அடுத்த ஞாயிறு 'கரன்ட் பில் குறைய பத்து வழிகள்' வந்தது. அதற்கு அடுத்தது 'இந்தத் தவறை மட்டும் செய்யாதீர்கள்'. எந்தத் தவறு என்று கடைசி வரை சொல்ல மாட்டாய், அப்படித்தான் எழுத வேண்டும் என்று எங்கேயோ படித்தாயாம். எதையும் கழற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டாய். நாலு இடத்தில் படித்ததைச் சேர்த்து ஐந்தாவது இடத்தில் வைத்தாய். படிக்கிற எனக்கே கொட்டாவி வந்தது. ஆனால் அருமை, சூப்பர் தம்பி, தொடருங்கள் என்று மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டு எழுதினோம். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள உன் எழுத்தைச் சப்பென்று ஆக்கினேன், ஆக்கிவிட்டு நல்லா இருக்கிறது என்று பாராட்டவும் செய்தேன். இதைவிட மோசமாக ஒரு தகப்பன் என்ன செய்துவிட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. கம்பெனியில் ஆள் பற்றாக்குறை, எனக்குத் தொடர்ந்து இரண்டு ஷிப்டு போட்டார்கள், மூன்று பேர் பெயரிலும் எழுத நேரமில்லை. சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் வர மாட்டேன் என்று தணிகாசலம் பெயரில் ஒரு வரி எழுதித் தொலைத்தேன். நீ ஞாயிறு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றாய். எங்கே என்று கேட்டேன். "தணிகாசலம் சாருக்கு ஒடம்பு முடியலயாம் நைனா. தனியாத்தான் கீறாரு போல. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்." கையில் ஒரு கிலோ சாத்துக்குடி. உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்குமா? அட்ரஸ் தெரியாமல் எங்கே போய்த் தேடுவாய் என்று மட்டும் கேட்டேன். சின்ன ஊர்தானே, விசாரித்தால் சொல்வார்கள் என்று சொல்லிவிட்டு நீ செருப்பை மாட்டினாய். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உன்னை என் வண்டியில் கொண்டுபோய் விட்டதும் நான்தான்.

திருவள்ளூர் போய், திருத்தணி போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போயிருக்கிறாய். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்தாய். முகமெல்லாம் புழுதி. உரக்கடை, ரேஷன் கடை, டீக்கடை என்று ஒரு இடம் விடாமல் கேட்டாயாம். அந்த ஊரில் இரண்டு தணிகாசலம். ஒருத்தர் செத்து வருஷம் ஆகிறது. இன்னொருத்தர் மாடு மேய்க்கிற பெரியவர், அவரிடம் போனே கிடையாது. சரி, வாங்கினது வாங்கினதுதான் என்று சாத்துக்குடியை அவரிடமே கொடுத்துவிட்டு, அவர் வீட்டில் ஒரு சொம்பு கூழ் குடித்துவிட்டு வந்தாய். அந்த மனுஷன் யார் என்னவென்று கேட்காமல் உட்காரவைத்துக் கூழ் ஊற்றினார் நைனா என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "ஆனா நம்ம சாரு கெடைக்கல. ஆஸ்பத்திரில கீறாரோ இன்னாவோ." உன் அம்மா உனக்குச் சாப்பாடு போட்டாள். நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே மூன்று பேரையும் நிறுத்திவிட்டேன். பயம்தான் காரணம், வேறு ஒன்றுமில்லை. இன்னொரு தடவை நீ பொன்னேரிக்கோ அத்திப்பட்டுக்கோ கிளம்பிவிட்டால்? பொய்யை நிறுத்திவிட்டோம், இனிமேல் நாம் நல்லவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் பக்கத்தில் இருந்து பார்த்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கவே இல்லை. ஒரே வாரத்தில் மூன்று பேரும் போய்விட்டார்கள். நீ இன்னும் மூன்று பதிவு எழுதினாய். ஒவ்வொன்றிலும் கடைசியில் "தணிகாசலம் ஐயா நலமா?" என்று கேட்டிருந்தாய். அதைப் படித்துவிட்டும் நான் சும்மாதான் இருந்தேன். நாலாவது ஞாயிறு நீ எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். "பேஜாரா கீது நைனா, வுடு" என்றாய். நான் விட்டுவிட்டேன். அது ஆறு வருஷத்துக்கு முன்னால்.

உனக்கு எழுத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். ஒரு தகுதியும் இல்லை. ஆனால் கள்ள ஆஜர் போட்டவனுக்குத்தான் நிஜ ஆஜர் எப்படி இருக்கும் என்று தெரியும். என் மூன்று பேரும் ஒரு நாளாவது உன்னிடம் ஒரு கேள்வி கேட்டார்களா, யோசித்துப் பார். எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினை என்பார்கள், ஆனால் என்ன செய்தோம், சரியானதா, ஆகவில்லையா என்று ஒரு நாளும் வந்து சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள், அவர்களுக்குக் கிணறும் இல்லை, மோட்டாரும் இல்லை. நிஜமாகவே படிக்கிறவனுக்கு வீட்டில் ஏதோ ஒன்று ஓடாமல் நிற்கிறது, அதனால்தான் அவன் வருகிறான். அது ஓடினால் மறுபடியும் வருவான். பாராட்டு வந்ததா என்று பார்க்காதே, கேள்வி வந்ததா என்று பார். எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை நம்பாதே. இருபத்தேழு வருஷம் அதையே எண்ணின நான் சொல்கிறேன், ஆள் உள்ளே வந்தான் என்று மட்டும்தான் அது சொல்லும், வந்து என்ன செய்தான் என்று சொல்லாது.

இன்னொன்றும் எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. நீ அத்தை வீட்டு மோட்டாரைக் கழற்றிவிட்டு எழுதினதற்கும், பத்து வழிகள் எழுதினதற்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் தமிழில் இல்லை. இரண்டும் ஒரே தமிழ்தான், சொல்லப்போனால் பத்து வழிகளில் பிழைகூடக் குறைவு. முதலாவதில் உன் கையில் கிரீஸ் இருந்தது. எது உனக்குத் தெரியவில்லை, எங்கே தப்பாக நினைத்தாய் என்று எழுதியிருந்தாய். அதைப் படிக்கிறவன், இவனும் நம்மை மாதிரி ஆள்தான், நம்மை ஏய்க்க மாட்டான் என்று நினைப்பான். எல்லாம் தெரிந்தவன் மாதிரி எழுதுகிறவனிடம் ஒரு தடவை போவார்கள், மறுபடி எதற்குப் போக வேண்டும்? தலைப்பில் சொன்னதை உள்ளே சொல்லு, ஒளித்துவைத்து இழுக்காதே. முடிந்தால் பழையபடி ஒரே கிழமையில் போடு, எப்போது வரும் என்று தெரிந்தால்தான் ஜனங்கள் எட்டிப்பார்ப்பார்கள். அப்புறம், விரைவில் எழுதுகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. கொடுத்தால் எழுதிவிடு. இதை நான் ஏன் சொல்கிறேன் என்று கீழே வருகிறது.

நீங்கள் போன மறுநாள், மருமகள் தேடி எடுத்த மாதிரியே நானும் உன் வலைப்பூவைப் போனில் தேடி எடுத்தேன். ஆறு வருஷமாக நான் அந்தப் பக்கம் போனதில்லை, போக முகமில்லை. பத்து வழிகளுக்குக் கீழே நான் போட்ட அருமை, சூப்பர் எல்லாம் அப்படியே இருந்தது. அதற்கு மேல் ஒரு ஈ காக்கை இல்லை. பாஸ்கரை அனுப்பிய பிறகு நான் எட்டியே பார்க்காத ஃப்ரிட்ஜ் பதிவைத் திறக்கும்போது இதில் ஒன்றும் இருக்காது, பாஸ்கர் போட்ட ஒன்றுதான் என்று நினைத்தேன். கீழே போய்க்கொண்டே இருந்தது. முதலில் ஜெயந்தி என்று ஒரு பெண். ஊத்துக்கோட்டையில் தையல் கடை, மோட்டார் வைத்த மெஷினில் கை வைத்தால் ஷாக் அடிக்கிறது அண்ணா, இதுவும் அதேதானா என்று கேட்டிருக்கிறாள். நீ பதிவு எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே வந்த கேள்வி அது. "விரைவில் தனிப்பதிவாக எழுதுகிறேன் சகோதரி" என்று நீ பதிலும் போட்டிருக்கிறாய். அந்த வாரம் பாஸ்கருக்காக டிப்ஸ் எழுதிக்கொண்டிருந்தாய். இரண்டு மாசம் கழித்து, அந்தப் பதிவு வந்துச்சா அண்ணா என்று கேட்டிருக்கிறாள். அதற்குள் நீ நிறுத்திவிட்டாய்.

அவள் போய்விடவில்லை. நாலு மாசம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறாள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாளாம், அவர் செருப்பு போட்டுத் தையும்மா என்று சொன்னாராம். அவள் உன் பதிவை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறாள். அவர் முறைத்துக்கொண்டே பாக்ஸைத் திறந்தால், அதே துண்டு வயர், அதே ஜாயின்ட். குழி தோண்டி எர்த் போட்டதை ஒன்று விடாமல் எழுதிவிட்டு, அந்த அம்மா நல்லா இருக்காங்களா என்று கேட்டிருக்கிறாள். அதற்குக் கீழே அரக்கோணத்தில் இருந்து ஒருத்தர் வாஷிங் மெஷினைப் பற்றிக் கேட்கிறார். நீ இல்லை, அவளே பதில் சொல்கிறாள். "நான் எலக்ட்ரீஷியன் இல்லீங்க. என் கடையில நடந்ததை மட்டும் சொல்றேன்" என்று ஆரம்பித்துச் சொல்கிறாள். அதற்குக் கீழே இன்னொருத்தர், அதற்குக் கீழே இன்னொருத்தர். ஆறு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறார்கள். எல்லோரும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எங்க வீட்டுக்காரரும் செருப்பு போடத்தான் சொன்னாரு, எங்க அப்பாவும் இப்படித்தான் ஜாயின்ட் போட வெச்சாரு என்று எழுதுகிறார்கள். நான் எதை மறைக்க நினைத்தேனோ அதற்காகத்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள்.

உன் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். மூன்று பெயர் கதையையும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள், "இத்தினி பேரு என்னை நல்லாகீறியானு கேட்டுக்கினு இருந்துக்கிறாங்க. ஒருத்தருக்கும் ஒரு பதில் இல்ல. புள்ளயப் பாரு, ஊர் ஊரா அலஞ்சான். இன்னா மனுஷன்யா நீ?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்ததும் முதலில் கேட்டது, புள்ளைக்கு எழுதிட்டியா என்றுதான். உன்னிடம் மன்னிப்பு கேட்கிறேன், ஆனால் மன்னித்தேன் என்று நீ எழுத வேண்டாம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

நாலு நாளைக்கு முன்னால் அந்தப் பதிவுக்குக் கீழே ஒரு பெண் எழுதியிருக்கிறாள். பெயர் போடவில்லை. "வாடகை வீடு. ஹவுஸ் ஓனர் எர்த் குழி தோண்ட விட மாட்டேங்கிறார். வாஷிங் மெஷினைத் தொட்டா லேசா இழுக்குது. குழந்தை இப்பத்தான் தவழ ஆரம்பிச்சிருக்கு. எல்லாத்தையும் பிடிச்சிப் பிடிச்சி நிக்குது. குழி இல்லாம வேற வழி இருக்கா? இதை எழுதினவர் இருந்தா சொல்லுங்க." மறுநாளே ஜெயந்தி வந்து, அதுவரைக்கும் பிளக்கைப் பிடுங்கியே வைங்க, குழந்தையை அந்தப் பக்கம் விடாதீங்க, இதுக்கு எனக்குப் பதில் தெரியல என்று எழுதியிருக்கிறாள். கடைசியில் ஒரு வரி, "எழுதின அண்ணன் வருவாரு, கொஞ்சம் பொறுங்க."

எனக்கும் பதில் தெரியாது. என் பெயரிலோ வேறு பெயரிலோ நான் அங்கே ஒரு எழுத்தும் எழுதவில்லை. இன்று காலையில்கூடப் பார்த்தேன், அந்தப் பெண் மறுபடியும் வந்து, அவர் வந்தாரா என்று கேட்டிருக்கிறாள்.